‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று நான் எழுதிய டப்பா

வரதனுக்கு,

எழுத உட்கார்ந்து மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் என் கைக்குப் பழக்கம். வாரம் தவறாமல் உன் முகத்தைப் பார்த்தும் உன் நலத்தை அறியாமல் மூன்று ஆண்டுகள் இருந்தவன் நான் என்று தெரிந்த பிறகு, அந்தத் தொடரை எழுதக் கை கூசுகிறது. ஆகவே நலம் விசாரிக்காமலேயே தொடங்குகிறேன். நாளை மறுநாள் நீ குஜராத்துக்குப் புறப்படுகிறாய். உங்கள் கம்பெனி அங்கே திறக்கும் புதிய ஆலையில் இரண்டு ஆண்டுகள் வேலை என்கிறாய். உன் பெட்டியில் மருமகள் மீனா வைக்கப்போகும் பொருள்களுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். அதன் மூடியின்மேல் இந்தக் கடிதம் கட்டியிருக்கும். டப்பாவைத் திறப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு. முன்பொரு டப்பாவின்மேல் நான் எழுதிய இரண்டே சொற்களை நம்பி நீ பட்டது போதும்.

எனக்கு வந்த திகைப்பு இன்னும் என்னைவிட்டு முழுவதும் போகவில்லை. எங்கே தொடங்கியது என்று வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே அது அடங்கும் போலிருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியும். விடியுமுன் நீராடி, பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, அமுது செய்வித்து, உனக்கென்று ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் வந்து நிற்பேன். படப்பையிலிருந்து நீ ஏறி வரும் கம்பெனி பஸ் அங்கே அரை நிமிடம் நிற்கும். படிக்கட்டில் நின்றபடியே நீ கை நீட்டி வாங்கிக்கொள்வாய். உன் அம்மா மறைந்தபின் இந்தச் சமையல் என் கைக்கு வந்தது. அவள் இருந்தவரை அடுப்படியை எட்டிப் பார்க்காதவன், அவளுக்காகவே கற்றுக்கொண்டேன். பெருமாளுக்குப் படைக்குமுன் எதையும் நாவில் வைக்கக் கூடாது என்பது நம் வீட்டில் உனக்குச் சொல்லித் தரவேண்டிய விதியே அன்று. ஆனால் இன்னொன்றை உன்னிடம் நான் விரிவாகச் சொன்னதில்லை. அம்மாவின் காரியங்களை முடித்த மறு ஆண்டு காசிக்குப் போனேன் அல்லவா? அங்கே கங்கைக் கரையில், விருப்பமான ஒன்றை வாழ்நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். பலர் தாம் எப்போதும் தின்னாத காயையோ கனியையோ விட்டுவிட்டுத் திரும்புவார்கள். நான் உண்மையாகவே விரும்பியதை விட்டேன். இனிப்பு முழுவதையும் விட்டேன். ஆகவே படைப்பதற்கு முன்பும் சுவைத்ததில்லை, படைத்த பின்பும் சுவைத்ததில்லை. ஒரு பருக்கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொள்வேன். வாரந்தோறும் ஒருவனுக்கு இனிப்புச் சமைத்து அனுப்பும் சமையற்காரன், ஆறு ஆண்டுகளாக அதன் சுவையை அறியாதவன். இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு விபரீதமான ஏற்பாடு என்று தெரிகிறது. அப்போது அதைத் தவம் என்று நினைத்திருந்தேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. உனக்கு ஷிப்ட் மாறிவிட்டது, பகல் பஸ்ஸில்தான் வருவாய் என்பதை நீ சொல்ல மறந்தாய். நான் வழக்கம்போல் டப்பாவோடு நிற்கிறேன். பஸ் வந்தது, நீ இல்லை. நம் தெருக்கோடியிலிருந்து உங்கள் கம்பெனி கேண்டீன் வேலைக்குப் போகும் செல்வி ஏறப் போனாள். அவளை நிறுத்தி, “அம்மா, இதை வரதனிடம் சேர்த்துவிடுகிறாயா?” என்று நீட்டினேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

“இன்னா சாமி நீ. நான் கொண்டும்போயி அதுங்கையில குடுத்து, அது மறுபடியும் எங்கையில குடுக்கறதுக்கு, நானே நேரா எடுத்துக்கிறனே!”

“என்ன சொல்கிறாய், செல்வி?”

“உன் வூட்டுப் பொங்கலு மூணு வருசமா என் வூட்டுக்குத்தான் வருது சாமி. சனிக்கெழம ஆனா எம்பொண்ணு தட்ட வெச்சிக்கினு ஒக்காந்துனு கீறா. வரதண்ணன் எங்க துன்னும்? அதுக்குத்தான் சுகராச்சே!” சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். “ஐயய்யோ... உனுக்குத் தெரியாதா சாமி? நான் எதுனா ஒளறிட்டனா?”

உள்ளேயிருந்து யாரோ, “யக்கா, ஏறு. லேட்டா போனா சூப்பர்வைசரு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டான், எங்களத்தான் திட்டுவான்” என்று குரல் கொடுத்தார்கள். அவள் ஏறினாள். ஏறியவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, “டீ பிரேக்ல எல்லாரும் பிஸ்கட்டு துன்னுவாங்க, அது மட்டும் சக்கர இல்லாத டீயக் குடிச்சிக்கினு ஓரமா ஒக்காந்துனு இருக்கும் சாமி. ரொம்ப கட்டுப்பாடு!” என்றாள். பஸ் ஒரகடத்தை நோக்கிப் போய்விட்டது. என் கையில் டப்பா சூடாக இருந்தது. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையோரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. உன் வயது முப்பத்தொன்று. இருபத்தெட்டு வயதில் உனக்கு அந்த நோய் வந்திருக்கிறது. மீனாவுக்குத் தெரியும். கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியும். அவளுடைய மகளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஏகாதசி மாலைகளில் கோயில் மண்டபத்தில் பத்துப் பேருக்குப் பாசுரங்களுக்கும் பழம்பாடல்களுக்கும் பொருள் சொல்லுகிறவன் நான். ஒரு பாட்டில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதில்தான் உயிர் இருக்கிறது என்று எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்! தலைவி வளை நெகிழ்ந்தது என்றால் அவள் மெலிந்தாள் என்று பொருள், மெலிந்தாள் என்றால் அவன் வரவில்லை என்று பொருள் என்று விரல் விட்டுக் காட்டுவேன். நீயும் மெலிந்தாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உன் கைக்கடிகாரத்தின் பட்டை தளர்ந்து மணிக்கட்டைச் சுற்றிச் சுழன்றதை நான் பார்த்தேன். “என்னப்பா, இளைத்துவிட்டாய்?” என்று கேட்டேன். “ஓ.டி. ஜாஸ்திப்பா” என்றாய். அந்த வாரம் டப்பாவில் நெய்யை இன்னும் ஒரு கரண்டி கூட்டினேன்.

செல்வி சொன்ன அன்றே உன்னை அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இது என் முதல் குற்றம். ஏன் கேட்கவில்லை என்றால், நீ மறைத்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்றும், அந்தக் காரணம் நானாக இருக்கும் என்றும் உள்ளுக்குள் ஓர் அச்சம் எழுந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாய். அதனால் கேட்பதற்குப் பதிலாகச் செயலில் இறங்கினேன். சர்க்கரை இல்லாத டீயோடு நீ ஓரமாக உட்கார்ந்திருக்கிறாய் என்ற அந்த ஒரு காட்சி என்னை வேறெதுவும் நினைக்கவிடவில்லை. என் மகனும் பத்துப் பேரோடு உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைக் கடிக்க வேண்டும். அவ்வளவுதான். மீனாவுக்குத் தொலைபேசியில் பேசி, “சர்க்கரை இல்லாமல் பிஸ்கட் செய்ய முடியுமா, அம்மா?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவள், “ஏன் மாமா திடீர்னு?” என்றாள். கோயிலில் ஒருவருக்காக என்றேன். பெருமாள் பெயரைச் சொல்லி நான் பொய் பேசியது அதுதான் முதல் முறை. அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். அடுப்பில் வைத்துச் சுட வேண்டாம், அரைத்து உருட்டித் தட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் பிஸ்கட், வெள்ளைச் சர்க்கரை துளியும் இல்லை, உடம்புக்கு நல்லது என்று அதில் ஓர் அம்மாள் புன்னகையோடு சொன்னார்.

எனக்கு அது அருள் வாக்காகப் பட்டது. ஓட்ஸை வாணலியில் வறுத்தேன். அந்த அம்மாள் சொன்னதைவிட இரண்டு பங்கு பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் போட்டேன், உனக்கல்லவா! உலர்ந்த திராட்சையைச் சேர்த்தேன். பெருமாளுக்கு உகந்தது என்று தேனும் விட்டேன். தேன் பூவிலிருந்து வருவது, பேரீச்சை மரத்தில் பழுப்பது, ஆலையில் வெள்ளையாகச் செய்து மூட்டையில் வருவது மட்டுமே சர்க்கரை என்பது என் அறிவின் எல்லை. பிசைந்ததை உருட்டி, டம்ளரின் அடியால் அழுத்தித் தட்டினேன். வட்டம் வட்டமாக, பளபளப்பாக, அழகாகவே வந்தது. படைத்தேன். ஒன்றை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தப் பிசுபிசுப்பு ஒன்றே என்னை எச்சரித்திருக்க வேண்டும். நாக்கில் ஒரு துணுக்கை வைத்திருந்தால் கூட அது பிஸ்கட் அன்று, பாகு என்று தெரிந்திருக்கும். நான் விரல்களைக் கழுவிக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, பள்ளியில் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய அதே எழுத்தில், ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று எழுதி மூடியில் ஒட்டினேன். ஒற்றுப் பிழை ஏதும் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

சனிக்கிழமை நீ படிக்கட்டில் நின்று டப்பாவை வாங்கி, அந்தத் தாளைப் படித்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். “அப்பா...” என்றாய். நான், “டீயோடு சாப்பிடு” என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. அந்த அரை நிமிடத்தில் நாம் இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பிரிந்தோம். பஸ் போன பிறகு எனக்குக் கண் கலங்கியது. அடுத்த சனிக்கிழமை நீ காலி டப்பாவைத் திருப்பித் தந்தபோது அது கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. “எப்படி இருந்தது?” என்றேன். “சூப்பர்ப்பா. ஒண்ணுகூட யாருக்கும் குடுக்கல” என்றாய். நான் இரண்டாம் டப்பாவை நீட்டினேன். அது இன்னும் பெரியது.

அதற்குப் பின் நடந்ததை நீ அனுபவித்தாய். நான் கேட்டறிந்தேன். வெள்ளைக் கார்கள் வரிசையாக வரும் உன் இடத்தில், கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா என்று குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது உன் வேலை. இரண்டாம் டப்பா வாங்கிய மூன்றாம் நாள் அந்தக் கோடு உனக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாய். வண்டியே மங்கலாக இருந்தது. காலையிலிருந்து தாகம், எழுந்து எழுந்து ஓட்டம், காலில் வலு இல்லை. ஆனாலும் நீ சும்மா நிற்கவில்லை. தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்தாய். மணி அடித்தது, லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து, “வண்டியில இன்னா ஃபால்ட்டு?” என்று கேட்டாராம். “வண்டி நல்லா இருக்கு சார். என் கண்ணு சரியில்ல” என்றாயாம். முதலுதவி அறையில் விரலில் குத்திப் பார்த்தபோது நானூற்றைத் தாண்டியிருந்தது.

மீனா என்னை அழைத்தபோது நான் மண்டபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். “மாமா, பதறாதீங்க. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சுகர் ஏறிடுச்சாம்” என்றாள். “எப்படி ஏறும்? நான் சர்க்கரையே போடவில்லையே!” என்று கத்தினேன். மறுமுனையில் அவள் அழத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்: “அந்த வீடியோவ நான்தான மாமா அனுப்புனேன்.”

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், உன்னைவிட இளையவள், உன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பத்து நாள்களாக நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டப்பாவை மீனா எடுத்து நீட்டினாள். அவள் மூடியின் தாளைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஐயா, நீங்க எழுதினது பொய் இல்ல. நீங்க சேர்க்கல. ஆனா பேரீச்சம்பழம், திராட்சை, தேன், மூணுலயும் அதுவேதான் நிறைய இருக்கு. இது ஒண்ணு சாப்பிடறது ஒரு லட்டு சாப்பிடற மாதிரி. இவர் ஒரு நாளைக்கு ஆறு சாப்பிட்டிருக்கார்.” பிறகு, குற்றம் சொல்லும் குரலில் அன்று, வெறும் ஐயம் கேட்பவளாக, “செஞ்சப்ப நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்கல்ல? திகட்டலையா?” என்றாள்.

எல்லாக் கேள்விக்கும் ஒரு மேற்கோள் வைத்திருப்பவன் நான். படையலை முன்னால் சுவைக்கக் கூடாது, பின்னால் சுவைக்க எனக்குக் காசி விரதம் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே என் குரல் எனக்கே பொருளற்றதாகக் கேட்டது. மருந்து ஏறிக்கொண்டிருந்த கையோடு நீதான், “அவரு சாப்பிட மாட்டாருங்க மேடம். அது... அவரு பழக்கம்” என்று என்னைக் காப்பாற்றினாய்.

அவள் போனபின் நான் கேட்டேன். கேட்க வேண்டியதை மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். “ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை?” நீ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாய். “அம்மா உங்ககிட்ட சொன்னாங்கப்பா. ஒரு சனிக்கிழம. டாக்டர் ஸ்வீட்டு வேணான்னாரு, எனக்கு வேணாங்கன்னு. நான் வாசல்ல ஷூ போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?” எனக்கு நினைவில்லை. நீ சொன்னாய். என் உச்சரிப்பிலேயே, எழுத்துப் பிசகாமல் சொன்னாய்: “பெருமாள் அமுது செய்தது உனக்கு நஞ்சாகுமா?”

சொன்ன மாத்திரத்தில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்ததும், இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டியதும், நான் இலைத்துண்டில் வைத்ததும், அவள் என் எதிரிலேயே நின்று அதை உண்டதும். வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது என்று எனக்கு அப்போது ஒரு சிறு நிறைவு கூட இருந்தது. அதைப் பிறகு மண்டபத்திலும் ஒருமுறை எடுத்தாண்டேன். அவள் காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் போனது அதற்கு அடுத்த ஆண்டு. பொங்கல்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் அப்படிச் சொல்லாததையே இத்தனை நாள் ஒரு சான்றிதழாக வைத்துக்கொண்டிருந்தேன் போலும். அவளுக்காக நான் இனிப்பை விட்டேன் என்றல்லவா நினைத்தேன்! அவளுக்கு வேண்டாம் என்றபோது கொடுத்தேன், அவள் போன பின் நான் விட்டேன், விட்டதை உனக்கு அனுப்பினேன். இதில் எந்த இடத்தில் பக்தி இருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

“அப்புறம் ஏன் இதை மட்டும் அத்தனை தின்றாய்?” என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “மூணு வருசமா உங்க கை சாப்பாட்ட தெறந்துகூட பாக்காம தூக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்ப்பா. மொதமொத எனக்குன்னு வந்துச்சு. இனிப்பாத்தான் இருந்துச்சு. அப்பா எழுதியிருக்காரே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்.”

நீ வீடு திரும்பிய வாரத்திலிருந்து நான் மறுபடியும் கற்கத் தொடங்கினேன். முதலில் பேரீச்சையே இல்லாமல் செய்தேன். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ஓட்ஸ், எள். அது தட்டத் தட்ட உதிர்ந்தது. நான் சுவைக்கமாட்டேன் என்பதால் செல்வியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். தெரியாமல் உன் ரகசியத்தை உடைத்துவிட்ட உறுத்தலில் அவளும் தினமும் வேலை முடிந்து வரும்போது வாசலில் நிற்பாள். முதல் நாள் ஒரு பிடி வாயில் போட்டவள் இருமி இருமிக் கண்ணீர் வடித்தாள். “இன்னா சாமி இது, கோழித் தீவனமா? பொங்கலு குடுத்துனு இருந்த கையா இது! எம்பொண்ணு வேற, பொங்கலு ஏன் வர்லன்னு தெனம் கேட்டுக்கினு கீறா.” நான்காம் நாள், “பரவால்ல. ஆனா தொண்டைய அடைக்குது” என்றாள். ஏழாம் நாள் இருபதுக்கு இரண்டு பேரீச்சை மட்டும் சேர்த்திருந்தேன்; அதைக் கையில் வாங்கிக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

“எனுக்கு ஒண்ணு கேக்கணும் சாமி. எங்க கேண்டீன்ல ஆயிரம் பேருக்கு சாம்பாரு வெச்சாலும் மாஸ்டரு ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டுத்தான் எறக்குவாரு. உப்பு பத்தலன்னா திட்டு வாங்கறது அவருதான? நீ இன்னாடான்னா உன் புள்ளைக்குச் செய்யறதுக்கு என் நாக்கக் கேக்குற. என் நாக்கு எனுக்குப் புட்ச்சதத்தான் சொல்லும். உன் நாக்க எங்க வெச்சிருக்கற?”

“காசியில் விட்டுவிட்டேன் அம்மா” என்றேன்.

“போயி எட்த்துக்கினு வா” என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை என் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

காட்டில் வாழ்ந்த ஒரு முதியவள், தன் விருந்தினனாக வந்த இறைவனுக்கு ஒவ்வொரு கனியையும் தான் கடித்துச் சுவை பார்த்த பிறகே கொடுத்தாள் என்ற கதையை நான் எத்தனை ஆண்டுகள் மண்டபத்தில் உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். அவள் அன்பின் மிகுதியால் விதியை மறந்தாள் என்று பொருள் சொல்லுவேன். அன்று உள்ளங்கையில் அந்த வட்டத்தை வைத்துக்கொண்டு நின்றபோது வேறொன்று தோன்றியது. அவள் மறக்கவில்லை. புளித்த கனி அவன் வாய்க்குப் போய்விடக் கூடாதே என்று கவனமாக இருந்தாள். அவ்வளவுதான். நான் பெருமாளுக்கு முன்னால் போய் நின்று, காசியில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். விளக்கு அணையவில்லை, மணி விழவில்லை. கடித்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என் நாக்கில் ஒரு சிறு இனிப்பு பட்டது. பேரீச்சையின் இனிப்பு. அது எவ்வளவு வலுவானது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் டப்பாவில் நான் உனக்கு எதை அனுப்பினேன் என்பதும் அப்போதுதான் உடம்பால் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி இதைச் செய்யும் முறையை எழுதுகிறேன். அங்கே உன் அறையில் நீயே செய்துகொள்ளலாம், அடுப்பில் வறுப்பது தவிர வேறு வேலை இல்லை. இரண்டு கை வேர்க்கடலையை வறுத்துத் தோலை ஊதிவிட்டு, மிக்ஸியில் அது எண்ணெய் விட்டுக் களியாகும் வரை அரை. நடுவில் நிறுத்தாதே, பொடியாக நின்றுவிடும். அந்த எண்ணெய்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். பாகு தேவையில்லை. ஒரு கை ஓட்ஸ், ஒரு கை பொட்டுக்கடலை, ஒரு பிடி எள், கொஞ்சம் தேங்காய்த் துருவல், தனித்தனியே வறுத்துப் பொடித்துச் சேர். ஏலக்காயும் சுக்கும் தாராளமாகப் போடு. மணம் இருந்தால் நாக்கு இனிப்பைக் குறைவாகக் கேட்கிறது, இது என் சொந்த அனுபவம். இருபது பிஸ்கட்டுக்கு இரண்டே இரண்டு பேரீச்சை. கல் உப்பு ஒரு சிட்டிகை. உருட்டித் தட்டிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதையும் தின்ற பிறகு குத்திப் பார்த்து எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துகொண்ட பின்பே வழக்கமாக்கு. நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பாதே. தந்தை மகனுக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாத வாக்கியம் இது. இருந்தாலும் எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

உங்கள் ஆலையில் குடும்பத்தாரை அழைத்த அன்று அந்தக் கயிற்றை நீ எனக்குக் காட்டினாய். “யாரு வேணா இழுக்கலாம்ப்பா. நேத்து சேந்தவன்கூட இழுக்கலாம். லைன் நின்னா கம்பெனிக்கு நட்டம்தான். ஆனா தப்புன்னு தெரிஞ்சும் இழுக்காம வுட்டாத்தான் திட்டு” என்றாய். நான் வியந்து தலையாட்டிவிட்டு வந்தேன். நம் வீட்டில் அப்படி ஒரு கயிறே இருந்ததில்லை. உன் அம்மா ஒருமுறை கை நீட்டினாள், நான் ஓர் அழகான வாக்கியத்தால் அவள் கையைத் தட்டிவிட்டேன். அதைப் பார்த்த நீ கை நீட்டவே இல்லை. மீனாவிடம் நீ அப்படி இராதே. நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அது உன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும்போது, உனக்குள் என் குரலில் ஒரு விடை எழும். எழும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நீ எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறாய். அப்போது வாயை மூடிக்கொண்டு, ஏன் வேண்டாம் என்று மட்டும் கேள்.

இந்த டப்பாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சனிக்கிழமை பெருமாளுக்கு வெறும் துளசித் தீர்த்தமும் சுண்டலும் படைத்தேன். அவர் ஒன்றும் குறைந்துபோகவில்லை. இந்தப் பிஸ்கட்டுகளை அவருக்குக் காட்டவில்லை. நான் கடித்துப் பார்த்துச் செய்தவை, படையலுக்கு ஆகாதவை. ஆகவே இது பிரசாதம் இல்லை. பிரசாதம் இல்லை என்பதால் இதைக் கண்ணில் ஒற்ற வேண்டாம், நின்றுகொண்டு வாங்க வேண்டாம், பிடிக்காவிட்டாலும் விழுங்க வேண்டாம், யாருக்கும் தெரியாமல் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். மூடியில் நான் எதுவும் எழுதவில்லை. உள்ளே பத்தொன்பது இருக்கும். இருபதாவது என் வயிற்றில் இருக்கிறது.

எள் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. லேசாகக் கசக்கிறது. தெரிந்தேதான் அனுப்புகிறேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு என்னை அழை. “நல்லா இல்லப்பா, வேணாம்” என்று நீ சொல்லவேண்டும். உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் இதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாவைத் திருப்பி வாங்கிக்கொண்ட
உன் அப்பா